வங்கி முதலில், நகை கடைசியில்: கல்லூரிக் கடனின் வரிசை

பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு, பொழியூர் எனத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் பணம் திரட்டுவதில் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. முதல் ஆண்டுக் கட்டணம் கையிருப்பிலிருந்தோ முடிந்த சிட்டியிலிருந்தோ போகிறது. இரண்டாம் ஆண்டுக்கு அம்மாவின் வளையலும் மாலையும் பணயத்துக்குப் போகின்றன. மூன்றாம் ஆண்டில் வீட்டோடு சேர்ந்த சில சென்ட் நிலத்தின் ஆதாரம் (பத்திரம்) கூட்டுறவு வங்கியில் ஈடாகிறது. எல்லாம் தீர்ந்தபின், கடைசி ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்லூரி நெருக்கும்போதுதான் கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. இதைத் திருப்பிப் போட்டால் அதே வருமானம், அதே நகை, அதே நிலம் உள்ள குடும்பம் குறைந்த நெருக்கடியோடு பிள்ளையைப் படிக்கவைக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முதல் ஆண்டிலேயே வங்கியில் கல்விக்கடன். இடையிடையே வரும் சிறு பற்றாக்குறைக்குக் கையிருப்பு. வேறு வழியே இல்லாதபோது மட்டும் நகை. நிலத்தைத் தொடவேண்டிய தேவை, உள்நாட்டுப் படிப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலான குடும்பங்களுக்கு வராது.

வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்காது. நகைக்கடன் வட்டியும் கல்விக்கடன் வட்டியும் சில சமயம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்; வங்கியில் வைக்கும் நகைக்கு வட்டி குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு கடன் நம்மை அழுத்துவது வட்டியால் மட்டுமல்ல, எப்போது திருப்பிக் கட்டச் சொல்கிறது என்பதாலும்தான். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கடன். ஆண்டு முடிந்ததும் முழுவதையும் கட்டவேண்டும், அல்லது வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கவேண்டும். படிப்போ மூன்று, நான்கு ஆண்டுகள். வேலை கிடைத்துச் சம்பளம் சீராக வர இன்னும் ஓராண்டு. ஐந்தாண்டுத் தேவைக்கு ஓராண்டுக் கடன் வாங்கும் குடும்பம், பிள்ளை ஒரு ரூபாய் சம்பாதிக்கும் முன்பே நான்கைந்து முறை வட்டிக்கு ஓடவேண்டியிருக்கிறது. ரப்பர் விலை இறங்கிய ஆண்டோ, வளைகுடாவிலிருந்து அப்பா திரும்பி வந்த ஆண்டோ இடையில் வந்துவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கல்விக்கடனில் மட்டும்தான் திருப்பிக் கட்டும் காலம் பிள்ளையின் சம்பாத்தியத்தோடு சேர்த்து வகுக்கப்பட்டிருக்கிறது. படிப்புக் காலம் முழுவதும், அதன் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை அவகாசம்.

இந்தக் கடனின் அடிப்படை விதிகள் இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்து, பிறகு பலமுறை திருத்திய மாதிரித் திட்டத்திலிருந்து வருபவை. 4 லட்சம் ரூபாய் வரை ஈடும் வேண்டாம், வெளியார் ஜாமீனும் வேண்டாம், கைப்பணமும் போடவேண்டாம். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. உதவித்தொகை கிடைத்தால் அதையே அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். 7.5 லட்சம் வரை நிலத்தை ஈடாகக் கேட்கவேண்டியதில்லை. 2015-இல் மத்திய அரசு ஏற்படுத்திய உத்தரவாத நிதி, கடன் வராமல் போனால் அதில் 75 சதவீதத்தை வங்கிக்கு ஈடுசெய்கிறது. கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், படிப்புக்குத் தேவையான கணினி ஆகியவையும் கடனில் அடங்கும். படிக்கும் காலத்தில் தனி வட்டிதான் கணக்கிடப்படும். வட்டிக்கு வட்டி ஏறாது. தவணைக் காலத்தில் எப்போது முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் இல்லை. நாம் வழக்கமாக வாங்கும் வேறெந்தக் கடனிலும் இத்தனை சலுகைகள் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பதில்லை.

முதல் ஆண்டிலேயே கேட்கவேண்டும் என்று வலியுறுத்துவதற்கு முதன்மையான காரணம் இன்னொன்று. வங்கி முழுப் படிப்புக்கும் சேர்த்து ஒரே முறை கடனை அனுமதிக்கிறது. பணத்தை மட்டும் ஆண்டுதோறும், பெரும்பாலும் நேராகக் கல்லூரிக் கணக்குக்கு, விடுவிக்கிறது. எடுத்த தொகைக்குத்தான் வட்டி. அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் பணம் இருக்கும் ஆண்டில் கடனை எடுக்காமலே கட்டணத்தைக் கட்டிவிட முடியும். வாங்காமல் விட்டவருக்கு இந்த வசதி இல்லை. மூன்றாம் ஆண்டில் புதிதாகப் போய்க் கேட்டால் வங்கி அதுவரையான மதிப்பெண்ணைப் பார்க்கும், அரியர் பாடங்களைப் பார்க்கும், அதற்குள் குடும்பத்தின் மேல் ஏறியிருக்கும் மற்றக் கடன்களையும் பார்க்கும். ஏற்கெனவே கட்டிய பழைய ஆண்டுகளின் கட்டணத்தை அது பொதுவாகத் திருப்பித் தராது. நகையும் நிலமும் ஈட்டில் இருக்க, சிட்டித் தவணையும் நிலுவையில் இருக்க, கடன் ஒழுங்கைக் காட்டும் சிபில் மதிப்பெண் சரிந்த நிலையில் வங்கி மேலாளர் முன் உட்காரும் அப்பாவைவிட, எதையும் இழக்காமல் முதல் ஆண்டில் வந்து உட்காரும் அப்பாவின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நான்காண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 1.5 லட்சம், மொத்தம் 6 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி மாறும். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 1.5 லட்சம் எடுத்தால், படிப்பு முடிந்து ஓராண்டு ஆகும்போது சேரும் தனி வட்டி 2,10,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும்போது கடன் 8,10,000. பத்தாண்டில் கட்டி முடிக்க மாதம் ஏறக்குறைய 10,700 ரூபாய் வேண்டும். இதே குடும்பம் படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால்? முதல் ஆண்டில் மாதம் 1,250, இரண்டாம் ஆண்டில் 2,500, மூன்றாம் ஆண்டில் 3,750, நான்காம் ஆண்டிலும் அடுத்த ஓராண்டிலும் 5,000. கட்டும் மொத்தம் அதே 2,10,000தான். ஆனால் தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சமாகவே நிற்கும். மாதத் தவணை சுமார் 7,930. பத்தாண்டில் மிச்சம் சுமார் 3.33 லட்சம், கட்டிய வட்டியைக் கழித்தால் நிகர லாபம் சுமார் 1.23 லட்சம். வட்டியை ஒழுங்காகக் கட்டிவருபவருக்கு 1 சதவீதம் வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டின் 1,250 ரூபாய், பணயத்தில் வைத்த ஒன்றரை லட்சம் ரூபாய் நகைக்கு ஆண்டிறுதியில் மொத்தமாகக் கட்டவேண்டிய வட்டியைவிடத் தாங்கக்கூடியது. வட்டியைச் சிறுகச் சிறுகக் கட்டுவதும், முடிந்த மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதும் கூலிவேலை, கைத்தறி, மீன்பிடி, ரப்பர்ப் பால் வெட்டு என்று ஏறி இறங்கும் வருமானம் உள்ள வீடுகளுக்குப் பொருந்தும்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த வட்டியையும் கட்டவேண்டாம். 2009-இல் தொடங்கிய மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம், தொழில்சார், தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் படிப்புக் காலமும் அடுத்த ஓராண்டும் வரும் முழு வட்டியையும் ஏற்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 2,10,000 ரூபாய். ஆனால் நிபந்தனைகள் உண்டு; கவனியுங்கள். மானியம் குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்குத்தான். ஈடோ வெளியார் ஜாமீனோ இல்லாமல் பெற்ற கடனாக இருக்கவேண்டும். ‘ஆதாரத்தையும் கொடுத்துவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்’ என்று யாராவது சொன்னதைக் கேட்டு நிலத்தை ஈடு வைத்தால், மானியத்துக்கான தகுதியையே இழக்க நேரலாம். கல்லூரிக்கு நாக் தர அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரமோ வேண்டும். அவை பொருந்தாத செவிலியர், சட்டம் போன்ற படிப்புகளுக்கு உரிய கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே, ஒரே முறை. பாதியில் படிப்பை விட்டால் மானியம் கிடையாது. வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, மானியக் கோரிக்கையை வங்கி பதிவு செய்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும். ஏனெனில் அரசிடம் கேட்டு வாங்கவேண்டியது வங்கிக் கிளைதான். கிளை மறந்தால் வட்டி ஏறுவது உங்கள் கணக்கில்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இதற்கு மேலே ஒரு படி. தேசிய தரவரிசையில் முன்னணியில் உள்ளவையும் எல்லா மத்திய அரசு நிறுவனங்களுமாகத் தொடக்கத்தில் 860 கல்வி நிறுவனங்கள் அதன் பட்டியலில் இருந்தன. அவற்றில் தகுதி அடிப்படையில் சேர்பவருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம், ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவருக்கு. விதுரையில் உள்ள ஐசர், வலியமலையில் உள்ள விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே கல்லூரியை முடிவு செய்த பிறகு கடனைத் தேடாமல், கல்லூரிகளை ஒப்பிடும்போதே எந்தக் கல்லூரிக்கு எந்தக் கடன் கிடைக்கும் என்பதையும் சேர்த்து ஒப்பிடவேண்டும். பின்தங்கிய வகுப்பினருக்கும் சிறுபான்மையினருக்கும் உள்ள கேரள அரசு நிதிக் கழகங்களின் கடனையும் விட்டுவிடாதீர்கள். வட்டி வங்கியைவிடக் குறைவு, ஆனால் பெரும்பாலும் நிலமோ அரசு ஊழியர் ஜாமீனோ கேட்பார்கள்.

எப்போது வாங்குவது என்பதற்கு அடுத்தது எவ்வளவு வாங்குவது. இதில்தான் கேரளம் கசப்பான பாடம் படித்தது. கடன் எடுத்துச் செவிலியர், பொறியியல் படிப்பு முடித்துக் குறைந்த சம்பளத்தில் சிக்கியவர்களின் கடன்கள் ஆயிரக்கணக்கில் வாராக்கடனாயின. 2016-இல் அப்போதைய திருவாங்கூர் ஸ்டேட் வங்கி, வராத கல்விக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றதும் மாநிலம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் மாநில அரசு 900 கோடி ரூபாயில் கல்விக்கடன் திருப்பிச் செலுத்த உதவும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. அவர்கள் கடன் வாங்கியது தவறு என்று நான் கருதவில்லை. தொடக்கச் சம்பளத்தைப் பார்க்காமல் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்ததுதான் தவறு. 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. அதைப் பெறும் ஒருவர் 10,700 ரூபாய்த் தவணையைக் கட்டமுடியாது; சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். தொடக்கச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது என்று வைத்தால், அவர் தாங்குவது சுமார் 6,500. பத்தாண்டுத் தவணையில் அது சுமார் 4.9 லட்சம் கடனுக்குத்தான் ஈடாகும். 15 ஆண்டு என்றால் சுமார் 6 லட்சம். இந்த அளவுக்கு மேல் கட்டணம் கேட்கும் கல்லூரியில், வெளிநாட்டு வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்துச் சேர்ப்பது ஆபத்து. அந்தப் பாடப்பிரிவில் சென்ற ஆண்டு முடித்தவர்கள் கையில் வாங்கும் சம்பளம் என்ன என்று அதே ஊரில் நான்கு பேரிடம் விசாரித்து, அந்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

எல்லை ஊர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தனுவச்சபுரம் ஐடிஐ, நெய்யாற்றின்கரை பாலிடெக்னிக், திருவனந்தபுரத்து அரசுக் கல்லூரிகள் ஒரு பக்கம்; மார்த்தாண்டம், நாகர்கோவில் கல்லூரிகள் மறு பக்கம். இரண்டுக்கும் வீட்டிலிருந்தே பேருந்திலோ ரயிலிலோ போய்வரலாம். விடுதிச் செலவு இல்லையென்றால் கடன் தொகை கணிசமாகக் குறையும். பெங்களூருவுக்கோ மங்களூருவுக்கோ ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ‘கடனும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்’ என்று சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு அரசோ கட்டண ஒழுங்குமுறைக் குழுவோ நிர்ணயித்த கட்டணம்தான் கடனில் கணக்கிடப்படும். அதற்கு மேல் கேட்கும் நன்கொடைக்கு எந்த வங்கியும் கல்விக்கடன் தராது. அந்த மீதித் தொகையை நிரப்பத்தான் நகையும் நிலமும் போகின்றன. நன்கொடை கேட்கும் இடத்தில் சேர்க்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி எதிர்வாதங்கள். கையில் பணம் இருக்கும்போது எதற்கு வட்டிக்கு வாங்கவேண்டும் என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். முழுப் படிப்புக்கும் போதுமான பணம் இருப்பவர் கடனே வாங்கவேண்டாம். வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டி, கடனுக்குக் கட்டும் வட்டியைவிடக் குறைவுதான். ஆனால் பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ போதுமான பணம். அதை முதலில் தீர்த்துவிட்டால், நடுவில் மருத்துவச் செலவு வந்தாலும் வேலை நின்றாலும் படிப்பு நிற்கும். முழுக் கடனுக்கும் அனுமதி வாங்கி, கையிருப்பில் ஓராண்டுக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கொண்டு கடன் எடுப்பதைக் குறைத்தால் இரண்டு பக்கமும் காப்பாற்றப்படும். வட்டி மானியம் கிடைக்கும் குடும்பமோ கையிருப்பைச் செலவழிக்கவே வேண்டாம். படிப்பு முடிந்து மானியக் காலம் தீரும்போது அதைக் கொண்டு அசலைக் குறைக்கலாம்.

இன்னொரு வாதம் மனத்தைத் தொடுவது: இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் கடனை ஏற்றுவது பெற்றோர் செய்யும் காரியமா? நகையையும் நிலத்தையும் கொடுத்துப் படிக்கவைத்தால் பிள்ளைக்குக் கடன் இல்லை என்று எண்ணுகிறோம். ஆனால் அந்த நகையை மீட்பதும், தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பதும், அப்பாவின் கூட்டுறவு வங்கிக் கடனை அடைப்பதும் முதல் சம்பளத்திலிருந்தே அந்தப் பிள்ளையிடம்தான் வந்து சேர்கின்றன. அதற்குத் தவணை அட்டவணை இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. வங்கிக் கடன் தொகை தெரிந்த, காலம் தெரிந்த கடன். ஒழுங்காகக் கட்டினால் பிற்காலத்தில் வீட்டுக்கடன் கேட்கும்போது நற்சான்றாகவும் நிற்கும். பழைய வரிவிதிப்பு முறையில் வருமான வரி கட்டுபவர் என்றால் 80இ பிரிவின்படி எட்டு ஆண்டுகள் வரை வட்டி முழுவதற்கும் வரிக் கழிவும் உண்டு. பிள்ளையை உட்காரவைத்து இந்தக் கணக்கை எல்லாம் காட்டி, கடன் பத்திரத்தில் கையெழுத்திட வையுங்கள். தன் பெயரில் உள்ள கடன் எவ்வளவு என்று தெரிந்த மாணவி, அரியர் வைக்கும் முன் ஒரு முறை யோசிப்பாள்.

‘வங்கிக்காரர் தரமாட்டார்’ என்பது மிகப் பழைய எதிர்வாதம். அதில் உண்மையும் உண்டு. எல்லையில் அது இன்னும் கூடுதல். களியக்காவிளையில் கணக்கு வைத்திருக்கும் பாறசாலைக்காரரை அந்தக் கிளை ‘உங்கள் ஊர் கேரளத்தில்’ என்று திருப்பி அனுப்பும். நெய்யாற்றின்கரைக் கிளை ‘கல்லூரி தமிழ்நாட்டில்’ என்று தயங்கும். கிளையின் சேவைப் பகுதிக்கு வெளியே என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக்கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். 2015 ஆகஸ்டு 15 முதல் இயங்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் பதிவானால் தேதியோடு ஒரு தடம் இருக்கும். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு முன்னோடி வங்கியின் மாவட்ட மேலாளரிடம் போகலாம். திருவனந்தபுரம், கன்னியாகுமரி இரண்டு மாவட்டங்களுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் இல்லை.

அப்படியென்றால் நகையும் சிட்டியும் எதற்கு? நகைக்கடன் சில வாரங்களுக்கான கடன். சேர்க்கைக் கட்டணத்தை மூன்று நாளில் கட்டவேண்டும், வங்கிப் பணம் ஒரு மாதத்தில்தான் வரும் என்ற நிலையில் நகையை வைத்து, வங்கிப் பணம் வந்ததும் மீட்டால் அது சரியான பயன்பாடு. கட்டிய கட்டணத்தை ரசீதின் பேரில் திருப்பித் தருவார்களா, எத்தனை மாதத்துக்குள் கேட்கவேண்டும் என்று முன்கூட்டியே வங்கியில் கேட்டுவிடுங்கள். கேரள அரசு நிறுவனமான கேஎஸ்எப்இ நடத்தும் சிட்டி நல்ல சேமிப்பு. ஆனால் தொடக்க மாதங்களில் ஏலத்தில் குறைத்துக் கேட்டு எடுப்பவர் பெருந்தொகையை விட்டுக்கொடுக்கிறார், ஆகவே அதைக் கடனாகப் பயன்படுத்தினால் செலவு அதிகம். பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது சேர்ந்து, கல்லூரியின் நடுப்பகுதியில் முடிகிற சிட்டி என்றால் கட்டணத்துக்கோ படிப்புக் கால வட்டிக்கோ உதவும். பிளேடுக்காரரிடமும் கந்து வட்டிக்காரரிடமும் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருபோதும் போகவேண்டாம். கேரளக் காவல்துறை 2014-இல் ஆபரேஷன் குபேரா என்ற பெயரில் மாநிலம் முழுக்க வேட்டையாட வேண்டியிருந்த அளவுக்கு அந்த வட்டித் தொழில் குடும்பங்களை அழித்தது.

வெளிநாட்டுப் படிப்பில் இந்த வாதம் அப்படியே பொருந்தாது. 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் படிக்கப் போன கேரள மாணவர்கள் சுமார் 2.5 லட்சம், 2018-இல் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே கடன் 20, 30 லட்சமாகப் போகிறது; நிலம் ஈடாகிறது; ஈடு கேட்காத நிதி நிறுவனங்கள் வட்டியைக் கூட்டுகின்றன. சிறுபான்மை மாணவருக்கு இருந்த படோ பர்தேஷ் வட்டி மானியமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கனடா 2024 ஜனவரி முதல் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தி, அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பும் அறிவித்தது. கடனுக்கு ஈடாக வைத்த வீடு இங்கே நிற்க, விதிகள் அங்கே மாறும். குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கவேண்டாம். இங்கே இளநிலையை முடித்து, ஓரிரு ஆண்டு வேலை பார்த்துப் பிறகு போகட்டும்.

நேரத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் காகிதங்களில்தான். ப்ளஸ் ஒன் விடுமுறையிலேயே மாணவரின் எஸ்எஸ்எல்சி சான்றிதழ், ஆதார், பான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் பெயர் முழுவதுமாக. தமிழில் ஒரு விதமாக உச்சரித்து மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன எழுத்து வேறு. வங்கியின் கணினிக்கு இவை மூன்று ஆட்கள். திருத்த மாதக் கணக்கில் ஆகும். நிலம் ஈடாகத் தேவைப்படக்கூடிய பெரிய கடன் என்றால், தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலத்துக்குப் பாகப்பத்திரம் எழுதும் வேலையையும் அப்போதே தொடங்கவேண்டும். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலில் புதிய நிதியாண்டுக்கு நிலக்கரம் கட்டி ரசீது வாங்குங்கள்; அக்ஷயா மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீஸில் பெறுங்கள்; அந்த மாதமே நிலுவையில் உள்ள சிட்டித் தவணையையும் நகை வட்டியையும் நேர்செய்யுங்கள். மே மாதத்தில் இரண்டு வங்கிகளில் வட்டி, செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு கட்டாயமா என்று கேட்டு எழுதி வையுங்கள். சேர்க்கைக் கடிதமும் கல்லூரி தரும் ஆண்டுவாரிக் கட்டண விவரமும் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். ஆகஸ்டில் கிளைகளில் கூட்டம் சேரும். ஜூனில் வந்த விண்ணப்பத்தை மேலாளர் நிதானமாகப் படிப்பார்.